மகள் மிட்ஃபீல்டில் ஆடுகிறாளா? மதுரைப் பக்கத்துப் பெற்றோரும் பெண்களும் கேட்கும் கேள்விகள்

கால்பந்துப் பிராக்டிஸ் முடியும்வரை மைதானத்து ஓரத்தில் காத்திருக்கும் அம்மா அப்பாக்கள் கேட்பவை, பூட்டைக் கழற்றிக்கொண்டே பொண்ணுங்க கேட்பவை, இரண்டையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நானும் மிட்ஃபீல்டில் ஆடியவள், இப்போது அதைச் சொல்லிக்கொடுக்கிறவள். அதனால் பதில்கள் அந்த இடத்தைச் சுற்றியே இருக்கும். கோல்கீப்பரின் அம்மாவுக்கும் இதில் பாதி பயன்படும்.

மிட்ஃபீல்டர்னா உண்மையில என்ன வேலை?

தடுத்து ஆடும் பேக்குக்கும் கோலடிக்கும் ஃபார்வர்டுக்கும் நடுவில் நிற்பவள். தென்மாவட்ட பஸ்ஸெல்லாம் மாட்டுத்தாவணியைத் தொட்டுப் போகிற மாதிரி, பந்து அவள் வழியாகத்தான் போகவேண்டும். அதிலேயே மூன்று விதம் உண்டு. கோலுக்கு நேரே நிற்கும் பேக்குகளான ஸ்டாப்பர்களுக்கு முன்னால் நின்று எதிரணியின் பந்தை வெட்டி எடுப்பவள் ஒருத்தி. இரண்டு கோலுக்கும் முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டிகளுக்கு இடையே ஓடிக்கொண்டே இருப்பவள் இன்னொருத்தி. ஃபார்வர்டுகளுக்குப் பின்னால் நின்று, எதிரணி பேக்குகளின் இடைவெளி வழியே த்ரூ பால் போடுபவள் மூன்றாமவள், இவளைத்தான் பழைய மாஸ்டர்கள் ‘ஸ்கீமர்’ என்பார்கள். பெரிய அளவில் ஆடும் பெண்கள் 90 நிமிஷத்தில் 10 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிறார்கள். அதில் மிட்ஃபீல்டரின் பங்கு பெரும்பாலும் மற்றவர்களைவிடக் கூடுதல்.

ஆனால் ஓட்டத்தை வைத்து நான் ஆளை எடுப்பதில்லை. கழுத்தைப் பார்ப்பேன். ஸ்டாப்பர் பந்தைத் தள்ளிவிடுகிறாள், எதிர்கோலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் அதை வாங்கவேண்டும். பந்து உருண்டு வருவதற்குள் இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை. வலப்பக்கம் ஒருத்தி பாய்ந்து வருவது தெரிந்துவிட்டது. பந்தை நிறுத்தாமல், உடம்பைக் கொஞ்சம் திறந்து, இடது காலின் உள்பக்கத்தால் அதைக் குறுக்கே ஓடவிட்டு, அடுத்த தட்டில் மைதான ஓரத்து விங்குக்குக் கொடுத்துவிடுகிறாள். இரண்டே டச். சுற்றி நிற்பவர்கள் யாரும் கை தட்டமாட்டார்கள். எனக்கு மட்டும் அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கம் வராது.

அவ கோலே அடிக்கிறதில்லையே, அப்புறம் எப்படிப் பேர் கிடைக்கும்?

உலகத்தின் சிறந்த வீராங்கனைக்குக் கொடுக்கும் பாலோன் தோர் விருதை 2021, 2022-ல் வாங்கியவர் அலெக்சியா புத்தேயாஸ். 2023, 2024, 2025 மூன்று வருஷமும் ஐத்தானா பொன்மத்தி. இருவரும் பார்சிலோனாவின் மிட்ஃபீல்டர்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து அந்த விருது நடுக்களத்திலேயேதான் நின்றது.

நம்ம நாட்டுக்கே வருவோம். 2025 ஜூலை 5-ம் தேதி தாய்லாந்தில் சியாங் மாய் நகரில் இந்தியப் பெண்கள் 2-1 என்று தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்து, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்றில் ஜெயித்து அந்தப் போட்டிக்குள் போனது அதுதான் முதல் தடவை. இரண்டு கோலையும் அடித்தவர் சங்கீதா பாஸ்ஃபோர், மேற்கு வங்கத்துக்காரர், மிட்ஃபீல்டர். நேரம் வரும்போது கோலும் வரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எந்த வயசுல ஆரம்பிக்கணும்? என் மக ஏழாவது படிக்கிறா, லேட்டா?

லேட்டே இல்லை. எட்டு ஒன்பது வயதில் பந்தோடு பழகிவிட்டால் நல்லது, பன்னிரண்டில் வந்தாலும் தேறிவிடலாம். அந்த வயதில் இதே இடம்தான் என்று கட்டிப்போடாதீர்கள். பேக்கிலும் ஆடட்டும், விங்கிலும் ஓடட்டும். எல்லா இடத்திலிருந்தும் மைதானத்தைப் பார்த்தவள்தான் பின்னால் நல்ல மிட்ஃபீல்டர் ஆவாள்.

ஒரு விஷயம் மட்டும் கட்டாயம்: இரண்டு காலும் பழகவேண்டும். வீட்டுச் சுவரில் தினமும் இடது காலால் தட்டிப் பழகினால் போதும், அதற்கு மைதானமே தேவையில்லை. பந்து வாங்கும்போது 12 வயதுவரை நாலாம் சைஸ், அதற்குமேல் ஐந்தாம் சைஸ். பூட்டை மட்டும் ‘வளர்ற பிள்ளைதானே’ என்று ஒரு சைஸ் கூட்டி வாங்காதீர்கள். உள்ளே கால் வழுக்கினால் முதல் டச் போச்சு, நகமும் போச்சு.

பிளஸ் டூ வந்துட்டா, நிறுத்திடலாமா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

வேகத்தை மட்டும் நம்பி ஆடும் ஃபார்வர்ட் பதினேழு வயதிலேயே ஊரை அசத்திவிடலாம். மிட்ஃபீல்டருக்கு அப்படி நடப்பது அபூர்வம். எங்கே இடம் இருக்கிறது, எப்போது வேகத்தைக் குறைக்கவேண்டும், எதிரணி எப்போது களைக்கிறது என்பதெல்லாம் நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடிய பிறகுதான் கைகூடும். புத்தேயாஸ் முதல் பாலோன் தோர் வாங்கும்போது வயது 27. சங்கீதா தாய்லாந்தில் அந்த இரண்டு கோலை அடித்தது இருபதுகளின் கடைசியில். நம்ம கடலூரின் மிட்ஃபீல்டர் இந்துமதி கதிரேசன் 1994-ல் பிறந்தவர். தேசிய சீனியர் பெண்கள் சாம்பியன்ஷிப்பை 2018-ல் மணிப்பூரைத் தோற்கடித்துத் தமிழ்நாடு ஜெயித்தபோதும் அணியில் இருந்தார், 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவைத் தோற்கடித்து மறுபடி ஜெயித்தபோதும் இருந்தார். அந்த இரண்டாவது கோப்பையின்போது அவருக்கு 29 வயது.

நம்ம பக்கம் என்ன நடக்கிறது? பதினொன்றாம் வகுப்பில் பந்தை வாங்கி வைத்துவிடுகிறோம். பரீட்சை முடிந்ததும் காலேஜ், அப்புறம் மாப்பிள்ளை. ஒரு மிட்ஃபீல்டருக்கு ஆட்டம் புரியத் தொடங்குகிற நேரமும், நாம் அவளை வீட்டுக்குக் கூப்பிடுகிற நேரமும் ஒன்றாக இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கமும் மேலூர்ப் பக்கமும் இப்படிப் போன பெண்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

படிப்பை விடச் சொல்லவில்லை. பரீட்சைக்கு முந்தைய இரண்டு மாதம் வாரத்தில் இரண்டு நாள் வரட்டும், போட்டிகளுக்கு வரவேண்டாம். காலை ஐந்தரைக்கு வந்து ஏழு மணிக்கு வீடு திரும்பட்டும். முழுசாக நிறுத்திவிட்டு ஒரு வருஷம் கழித்து வருபவளுக்கு மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும், கண் திரும்ப ரொம்ப நாள் ஆகும். தொடர்பு அறாமல் இருந்தால் போதும், அதைத்தான் கேட்கிறேன்.

மதுரையில இருந்து மேலே போற வழி எது?

பள்ளி அணி, மாவட்ட அணி, மாநில அணி என்பது பழைய வழி. இன்றும் அதுதான் முதுகெலும்பு. முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரி இரண்டு பிரிவிலும் கால்பந்து இருக்கிறது. சின்னப் பெண்களுக்குக் கேலோ இந்தியாவின் அஸ்மிதா லீக் இருக்கிறது. ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். விளையாட்டு விடுதித் தேர்வு அறிவிப்பு பெரும்பாலும் கோடை விடுமுறை சமயத்தில் வரும். பெண்கள் கால்பந்துக்கு எந்த ஊர் விடுதி என்பதை அந்தந்த வருஷத்து அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெண்கள் கால்பந்து அணி இருக்கிறதா, பல்கலைக்கழகப் போட்டிக்கு அனுப்புகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். காமராசர் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி ஆடினால் கிளப்காரர்கள் கண்ணில் படுவாள். அதற்குமேல் மாநில லீக், இந்தியப் பெண்கள் லீக்கின் இரண்டாம் டிவிஷன், பிறகு முதல் டிவிஷன்.

இன்னொன்று. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரும் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியல் மாறியிருந்தாலே அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தில் பதிவு செய்யும்போது இழுத்தடிக்கும். இதை ஏழாம் வகுப்பிலேயே சரிசெய்து விடுங்கள்.

சேது எஃப்.சி. நம்ம ஊர் டீம்தானே?

ஆமாம், மதுரை டீம். 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று ஜெயித்து இந்தியப் பெண்கள் லீக்கின் சாம்பியன் ஆனது. கால்பந்து என்றாலே கொல்கத்தா, கோவா, கேரளா என்று பேசுகிற நாட்டில், பெண்கள் லீக் கோப்பை நம்ம பக்கம் வந்தது. அந்தச் சீசனில் நேபாளத்தின் சாபித்ரா பண்டாரி சேதுவுக்காகக் கோல் மழை பொழிந்தார். 2022-ல் மறுபடி கோப்பைக்குப் பக்கத்தில் போனார்கள். அதுவரை தோற்காத சேதுவும் அதுவரை தோற்காத கோகுலம் கேரளாவும் கடைசி நாளில் புவனேஸ்வரில் மோதின, கோகுலம் 3-1 என்று ஜெயித்தது.

மதுரையில் ஐ.பி.எல். ஸ்கோர் தெரியாத ஆள் இல்லை. இந்தக் கோப்பை வந்தது தெரிந்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் மகளுக்காவது சொல்லிக்கொடுங்கள்.

சம்பளம் எவ்வளவு வரும்? ஒளிக்காமச் சொல்லுங்க.

2023-ல் சம்மேளனம் ஒரு முடிவெடுத்தது. முதல் டிவிஷன் கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளோடு ஒப்பந்தம் போடவேண்டும், ஆளுக்கு வருஷத்துக்குக் குறைந்தது 3.2 லட்சம் ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 26,600. நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கு இதைவிடக் கூடுதல் கிடைக்கும். பத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் கீழ் டிவிஷனில் ஆடுபவர்களுக்கும் இதைவிடக் குறைவு. சாப்பாடு, தங்குமிடம், பயணம் பெரும்பாலும் கிளப் பொறுப்பு.

முக்கியமான சிக்கல், லீக் சில மாதங்களில் முடிந்துவிடும். பல ஒப்பந்தங்கள் அந்தச் சீசன் அளவுக்குத்தான். மீதி மாதங்களுக்கு என்ன என்பதை முன்கூட்டியே யோசிக்கவேண்டும். பந்தை மட்டும் நம்பி வீடு கட்டிவிடலாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் பந்து வழியாக ஒரு நல்ல வேலைக்குப் போகலாம் என்று தைரியமாகச் சொல்வேன்.

அந்த வேலை எது?

தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. சீருடைப் பணியாளர் தேர்வில் காவலர், எஸ்.ஐ. பதவிகளுக்கு 10 சதவீதம். ரயில்வேயிலும் சசஸ்திர சீமா பல் போன்ற மத்தியப் படைகளிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். இந்துமதி தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ. ஆனவர், சங்கீதா சசஸ்திர சீமா பல்லில் இருப்பவர். வேலையும் பார்த்துக்கொண்டு இந்திய ஜெர்சியும் போட்டவர்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை காகிதம், அதாவது போட்டியில் ஆடியதற்கான சான்றிதழ். சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்குப் படிவம் 2, பல்கலைக்கழகப் போட்டிக்குப் படிவம் 3, பள்ளிப் போட்டிக்குப் படிவம் 4. ஒவ்வொரு போட்டி முடிந்ததும் உரியவரிடம் கையெழுத்து, முத்திரை வாங்கிவிடுங்கள். ஐந்து வருஷம் கழித்துப் போனால் அந்தச் செயலாளர் மாறியிருப்பார், அலுவலகமும் மாறியிருக்கும். மெடலைக் கண்ணாடி அலமாரியில் வைக்கிற அதே அக்கறையோடு அந்தக் காகிதத்தையும் வையுங்கள்.

கிளப் ஒப்பந்தம் நீட்டினா எதைப் பார்க்கணும்?

முதலில், எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தை ஒப்பந்தம் ஆகாது. ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி, மாதச் சம்பளம், எந்தத் தேதியில் போடுவார்கள், அடிபட்டால் ஆபரேஷன் செலவு யாருடையது, அடிபட்ட மாதங்களில் சம்பளம் உண்டா, இவை எல்லாம் இருக்கவேண்டும். மகளுக்கு 18 ஆகவில்லை என்றால் மூன்று வருஷத்துக்குமேல் போகும் ஒப்பந்தத்தை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ஏற்பதில்லை. இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துக் கேட்டபிறகு, நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பதும் ஃபிஃபா விதிதான். ஏஜென்ட் என்று யாராவது வந்தால் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘டிரையல்ஸுக்கு இவ்வளவு கட்டுங்க’ என்று பணம் கேட்பவரிடம் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள்.

கையெழுத்துப் போட்ட நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கவேண்டும். போனில் எடுத்த போட்டோ போதாது.

முட்டி போயிடும்கிறாங்களே, நிஜமா?

பயப்படவேண்டிய விஷயம்தான், அதனால்தான் முன்கூட்டியே செய்யவேண்டியதைச் செய்யச் சொல்கிறேன். முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அதிகம். யாரும் இடிக்காமலேயே கிழியும். குதித்து இறங்கும்போதோ, ஓடிவந்து சட்டென்று திரும்பும்போதோ முட்டி உள்பக்கமாக மடங்கினால் போதும். திரும்பித் திரும்பி ஆடும் மிட்ஃபீல்டருக்கு இது கூடவே வரும் ஆபத்து. புத்தேயாஸுக்கு 2022 யூரோ கோப்பை தொடங்கப்போகிற நேரத்தில் இதுதான் ஆனது. அதற்குப் பிறகு திரும்பி வந்து உலகக் கோப்பை ஜெயித்த அணியில் இருந்தார்.

ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு வார்ம்அப் இருக்கிறது. 20 நிமிஷம், செலவே கிடையாது. ஒற்றைக்கால் நிலை, தொடைப் பின்தசைக்கான பயிற்சி, சரியாகக் குதித்து இறங்குவது எல்லாம் அதில் வரும். வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயம் நன்றாகக் குறைந்திருக்கிறது. உங்கள் மகளின் பயிற்சியில் இது இல்லை என்றால் மாஸ்டரிடம் கேளுங்கள், தப்பில்லை.

‘டொப்’ என்று சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் முட்டி வீங்கிவிட்டது என்றால் எண்ணெய் போட்டு உருவுவதோ நாட்டுக்கட்டுப் போடுவதோ வேண்டவே வேண்டாம். ஐஸ் வைத்து, காலை ஊன்றாமல், எலும்பு மருத்துவரிடம் போங்கள். பெரியாஸ்பத்திரியிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. ஆபரேஷன் என்றால் திரும்ப ஆட ஒன்பது மாதமாவது ஆகும். ஆறாவது மாதத்தில் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று இறங்குகிறவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து அதிகம்.

சாப்பாடு என்ன கொடுக்கணும்? சீக்கிரம் களைச்சுப்போறா.

முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். 12-க்குக் கீழே இருக்கும் பெண்ணை ‘ஓடு ஓடு’ என்று விரட்டுவது பாவம். ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), முட்டை, முருங்கைக்கீரை, பயறு, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. சாப்பிட்ட உடனே டீ வேண்டாம், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. காலைப் பிராக்டிஸுக்கு வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள், இரண்டு வாழைப்பழமாவது போகட்டும். சித்திரை வெயிலில் மோரில் உப்புப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

பல பெண்கள் ‘குண்டாயிடுவேன்’ என்று சாப்பாட்டைக் குறைக்கிறார்கள். சாப்பாடு பத்தாமல் ஓடினால் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு பலவீனமாகும். மூன்று மாதம் வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டவேண்டும், ‘விளையாடுற பிள்ளைக்கு அப்படித்தான்’ என்று விட்டுவிடக்கூடாது.

அந்த நாட்கள்ல ஆடலாமா?

வலி தாங்கும் அளவில் இருந்தால் ஆடலாம். முடியாது என்று சொன்னால் விட்டுவிடவேண்டும். வெள்ளை டிராயர் வைக்காதீர்கள் என்று பள்ளிகளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்து அணியே 2023-ல் இதே காரணத்தால் வெள்ளையை விட்டு நீல டிராயருக்கு மாறியது.

கறுத்துப்போயிடுவா, அரை டிராயர் போடணும், யாரு கட்டிக்குவா?

டிராயருக்குள் லெக்கிங்ஸ் போட்டு ஆடலாம், விதி இடம் கொடுக்கிறது. தலையை மூடிக்கொண்டும் ஆடலாம். கறுப்பு பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

கல்யாணம், குழந்தைக்கு அப்புறம் ஆட முடியுமா?

முடியும். 2021 ஜனவரியிலிருந்து ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தத்தில் இருக்கும் வீராங்கனைக்குக் குறைந்தது 14 வாரம் பேறுகால விடுப்பு, ஒப்பந்தச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கர்ப்பமானதற்காக ஒப்பந்தத்தை ரத்து செய்யக்கூடாது. ஆனால் சில மாத ஒப்பந்தத்தில் ஆடுபவளுக்கு இது எட்டாக்கனியாகிவிடுகிறது. அதனால்தான் வேலையைப் பற்றி அவ்வளவு சொன்னேன். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு இப்போது 12 மாதப் பேறுகால விடுப்பு இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் ‘இவள் ஆடுவாள், கல்யாணத்துக்கு அப்புறமும் ஆடுவாள்’ என்று நிச்சயத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுவது பெற்றவர்கள் கடமை. அதை அந்தப் பெண்ணே சொல்லட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டு கிளப்புக்குப் போகலாமா?

18 வயது ஆகாமல் வெளிநாட்டு கிளப்புக்கு மாற, அபூர்வமான விலக்குகள் தவிர, அனுமதி இல்லை. அந்த வயதுப் பெண்ணை வெளிநாட்டு கிளப்பில் சேர்க்கிறேன் என்று சொல்லிப் பாஸ்போர்ட் கேட்பவரை நம்பாதீர்கள். போனவர்கள் இருக்கிறார்கள். பாலா தேவி 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்குப் போனார். மனிஷா கல்யாண் 2022-ல் சைப்ரஸின் அப்போலோனுக்குப் போய், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். அவர்கள் எல்லாரும் இங்கே லீக்கில் பல சீசன் உழைத்தபிறகு போனவர்கள்.

ஆட்டத்தை நிறுத்தினதுக்கு அப்புறம்?

மிட்ஃபீல்டர்களுக்கு மைதானம் முழுசும் தெரியும் என்பதால் பயிற்சியாளராவது இயல்பாக வரும். இந்தியாவின் மூத்த மிட்ஃபீல்டர் ஒய்னம் பெம்பெம் தேவி 2016-ல் இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்றார், அடுத்த வருஷமே முதல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்த ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் அணியை வழிநடத்தினார். 2020-ல் பத்மஸ்ரீ. முதல் படி சம்மேளனத்தின் டி லைசென்ஸ், அதற்குமேல் ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ. பெண்கள் பள்ளிகளுக்கு டி லைசென்ஸ் முடித்த பெண் பயிற்சியாளர்கள் நிறையத் தேவைப்படுகிறார்கள்.

இன்னொரு வழி விசில். திண்டுக்கல்லின் ரூபா தேவி மாநில அளவில் ஆடியவர், பிறகு நடுவர் தேர்வு எழுதி 2016-ல் ஃபிஃபா நடுவர் ஆனார். மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் நடுவர் தேர்வு எப்போது என்று கேட்டு வையுங்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே எழுதலாம்.